சிரிச்சு முடிச்சாச்சா, சேனல்காரங்களே?

2023 டிசம்பர் 28, வியாழக்கிழமை. அன்று முழுக்க நம் செய்திச் சேனல்கள் அழுது தீர்த்தன. பின்னணியில் சோக இசை, ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’, ‘வள்ளல்’, ‘பசியாற்றிய கரம்’ என்று விதவிதமாய்ப் பட்டங்கள். விஜயகாந்த் 71 வயதில் இறந்துவிட்டார். எந்த விஜயகாந்த்? அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடம் எந்த ஆளைக் காட்டினால் ஜனம் சிரிக்கும் என்று இவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்களோ, அதே ஆள்தான்.

ஒருத்தரை உயிரோடு இருக்கும்வரை வைத்துச் செய்துவிட்டு, பாடை தூக்கும்போது மட்டும் முதல் ஆளாய்த் தோள் கொடுப்பதற்குத் தமிழில் நல்ல வார்த்தை ஒன்று உண்டு. என் அம்மாவும் இதைப் படிப்பார் என்பதால் எழுதவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தேமுதிக ஆள் கிடையாது. 2021 சட்டசபைத் தேர்தலில் அந்தக் கட்சி வாங்கியது 0.43 சதவீத ஓட்டு. அந்த 0.43க்குள் எங்கள் வீட்டு ஓட்டு ஒன்றுகூட இல்லை. அவருடைய அரசியலில் எனக்குப் பிடிக்காத விஷயங்கள் நிறைய உண்டு, கீழே அதற்கும் வருவேன். இப்போதைக்கு என் கேள்வி ஒன்றுதான். இருபது வருடத்துக்குக் கிட்டத்தட்ட இந்த மனிதரைக் கிண்டலடித்தீர்களே, அதில் அரசியல் விமர்சனம் எத்தனை பைசாவுக்கு இருந்தது?

2011க்குப் போவோம். மேட்டரின் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தேர்தலில் விஜயகாந்த் அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்றார். எதிரே திமுக. கலைஞர் நின்ற திருவாரூரில் வடிவேலு மேடை ஏறினார். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே வீட்டு வாசல் தகராறு, போலீஸ் புகார் என்று பழைய பகை. கேப்டன் என்றால் தண்ணீரில் கப்பல் ஓட்டுகிறவர், இவரோ எப்போதும் ‘தண்ணி’யிலேயே இருக்கிறார் என்பதுதான் அவர் பேச்சின் மொத்தச் சரக்கும். ஊர் ஊராகப் போய் இதையே பேசினார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சன் டிவியும் கலைஞர் டிவியும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. கூடவே இன்னொரு கிளிப். பிரசார வேனில் நின்றுகொண்டு விஜயகாந்த் தன் கட்சியின் தருமபுரி வேட்பாளரையே அடிக்கிற காட்சி. (அடித்தது தப்பு. யார் தலையில் அடித்தாலும் தப்பு. அதில் எனக்கு வழவழா கிடையாது.) அந்தக் கிளிப்பையும் விடாமல் ஓட்டினார்கள்.

இதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் ஜனம் எந்தப் பெட்டியில் பார்த்தது? 2006 தேர்தல் வாக்குறுதிப்படி திமுக அரசு ஒன்றரைக் கோடிக்கு மேல் இலவச கலர் டிவி கொடுத்திருந்தது. பெட்டி அவர்களுடையது, சேனல் அவர்களுடையது, நடிகர் தமிழ்நாட்டின் நம்பர் ஒன் காமெடியன். ஒரு மனிதனைக் கேலி செய்து ஒழிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் எங்கேயாவது இருந்திருக்குமா?

மே 13 அன்று ரிசல்ட். தேமுதிக 29. திமுக 23.

119 இடங்களில் நின்ற கட்சிக்கு 23, 41 இடங்களில் நின்ற ‘குடிகார’ கட்சிக்கு 29. விஜயகாந்த் ரிஷிவந்தியத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அடி வாங்கிய அந்தத் தருமபுரி வேட்பாளர் எம்.எல்.ஏ. ஆனார். எங்கள் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி அதிமுகவுக்குப் போனது, ஆனால் சுற்றுப்பட்டில் ஆலந்தூர், செங்கல்பட்டு, திருத்தணி, கும்மிடிப்பூண்டி நான்கும் முரசுக்கு!

“அது ஜெயலலிதா அலை, கூட்டணிக் கணக்கு, 2ஜி, மின்வெட்டு” என்று உடனே கிளம்புவீர்கள். ஒத்துக்கொள்கிறேன். கூட்டணி இல்லாமல் 29 வந்திருக்காது. 2006இல் தனியாக நின்றபோது 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் விருத்தாசலம் ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் நான் சொல்வது வேறு. அத்தனை நாள் அத்தனை மணிக்கு ஓடிய கேலி ஒரு ஓட்டையாவது பிடுங்கியதா? சேனலில் பார்த்துச் சிரித்த அதே ஜனம்தான் பூத்துக்குப் போய் முரசில் அமுக்கியது. சிரிப்பு வேறு, ஓட்டு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நியூஸ் எடிட்டர்களுக்குத்தான் தெரியவில்லை.

இதில் கடைசியில் அடிபட்டது யார் தெரியுமா? வடிவேலு. 2014இல் தெனாலிராமன் வரும்வரை சொல்லிக்கொள்ளும்படி ஒரு படம் இல்லை. அவரைப் பேச வைத்த கட்சி அடுத்த தேர்தலுக்குத் தயாரானது, பேச்சை ஒளிபரப்பிய சேனல்கள் அவருடைய பழைய காமெடியையே போட்டு விளம்பரம் வாங்கின. மதுரைக்காரர் ஒருவரை அடிக்க இன்னொரு மதுரைக்காரர். கத்தி பிடித்த கைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து 2012 பிப்ரவரி 1, சட்டசபை. விஜயகாந்த் நாக்கைத் துருத்திக் கடித்துக்கொண்டு, ஆளுங்கட்சி வரிசையைப் பார்த்து விரலை நீட்டினார். அந்தப் படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மீம் என்ற வார்த்தை நம் ஊரில் பரவுவதற்கு முன்பே மீம் ஆன படம் அது. இப்போதும் யாராவது கோபப்பட்டால் அதைத்தான் போடுகிறீர்கள். சரி, அன்றைக்குச் சண்டை எதற்கு என்று கேட்டால் நம் கிளாஸில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

பால் விலைக்கும் பஸ் கட்டணத்துக்கும்.

2011 நவம்பரில் ஆவின் பால் லிட்டருக்கு 6 ரூபாய் 25 காசு ஏறியது. 17.75 ரூபாய்ப் பால் ஒரே நாளில் 24 ரூபாய். பஸ் கட்டணமும் கூடவே. ஆட்சிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, தேர்தலில் கூட்டணியாக நின்ற கட்சி வேறு. இதைக் கேட்கப் போய்த்தான் சண்டை வந்தது, சஸ்பெண்ட் செய்தார்கள். நாக்கு நியூஸ் ஆனது, பால் காணாமல் போனது. ஆளுங்கட்சிக்கு இதைவிட வசதியான பத்திரிகைத் தொழில் கிடைக்குமா?

பிறகு 2015 டிசம்பர் 27. சென்னை வெள்ளம் வடிந்து சேறுகூடக் காயாத நேரம். 2016இல் அதிமுக மறுபடி ஆட்சிக்கு வருமா என்று நிருபர்கள் கேட்டார்கள். வராது என்றார். பிறகு, இப்படியெல்லாம் போய் ஜெயலலிதாவிடம் கேட்க உங்களுக்குத் தைரியம் உண்டா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, “தூ” என்று துப்பினார். அநாகரிகம்தான், சந்தேகமே வேண்டாம். பத்திரிகையாளர்கள் போராட்டம் நடத்தினார்கள், அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததா? துப்பியதை மட்டும் ரீமிக்ஸ் பாட்டாகப் போட்டு ஓட்டினார்களே தவிர, முதலமைச்சர் ஏன் பத்திரிகையாளர்களைச் சந்திப்பதே இல்லை என்று அன்று இரவு விவாதம் வைத்தவர்கள் யார்?

ஏன் வைக்கவில்லை என்பதற்கும் பதில் இருக்கிறது. அவதூறு வழக்கு. அரசாங்கமே வக்கீல் வைத்துப் போடுகிற கிரிமினல் அவதூறு வழக்கு. 2016இல் சுப்ரீம் கோர்ட் கேட்டபோது தமிழ்நாடு அரசு கொடுத்த பட்டியலில் ஐந்து வருடத்தில் மொத்தம் 213 வழக்குகள். திமுக மீது 85, தேமுதிக மீது 48, ஊடகங்கள் மீது 55. அந்தப் பட்டியலைக் கோர்ட் ஏன் கேட்டது? ஒருவர் போய் மனு போட்டார், அதனால். பொதுவாழ்வில் இருப்பவர்கள் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னது அவருடைய மனுவின் மீதுதான்.

மனு போட்டவர் பெயர் விஜயகாந்த். பத்திரிகையாளர்களைப் பார்த்துத் துப்பிய அதே ஆள். அந்த 55 வழக்குகளில் மாட்டியிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் டெல்லி வரைக்கும் போனார் என்றாகிறது. ‘தூ’ கிளிப்பை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? இந்த வழக்கைப் பற்றி எத்தனை தடவை கேள்விப்பட்டிருப்பீர்கள்? நான் முடித்துக்கொள்கிறேன், யுவர் ஹானர்.

இல்லை, இன்னும் முடியவில்லை.

மக்கள் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிச் சுமக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016இல் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக நின்றார். தேமுதிக 104 இடங்களில் நின்றது, ஒன்றுகூட இல்லை. உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. ஏன்? எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியைக் கொடுத்த ஜனம், அவர் பெரும்பாலும் சட்டசபைப் பக்கமே வராததைப் பார்த்தது. எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராகக் கழன்று போயஸ் கார்டன் போனதைப் பார்த்தது. யாரோடு கூட்டணி என்று கடைசி நிமிஷம்வரை இழுத்தடித்ததைப் பார்த்தது. கட்சி என்பது வீட்டு விஷயமாகச் சுருங்கியதையும் பார்த்தது. இதுதான் விமர்சனம். இதைக் கேலி செய்யாமலே கணக்குத் தீர்த்தார்கள் மக்கள். டிவியில் இதெல்லாம் பேசுபொருள் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாக்கும் கண்ணும் குழறலும் பிடித்துக்கொண்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஜீரணமாகாதது. மனிதர் நோயாளி ஆகிவிட்டார். பேச்சு குழறியது, நடக்க முடியவில்லை, நீரிழிவால் கால்விரல் எடுக்க வேண்டி வந்தது. அப்போதும் விடவில்லை. குழறலை சப்டைட்டில் போட்டு வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்த தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால் இப்படி சப்டைட்டில் போடுவீர்களா? 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த டாக்டரைப் புதைக்கவிடாமல் சென்னையில் கல்லெறிந்தார்களே, அப்போது தன் ஆண்டாள் அழகர் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் இந்த ‘காமெடி பீஸ்’தான். எத்தனை கோட்டு சூட்டுத் தலைவர்கள் அன்று வாயைத் திறந்தார்கள்?

இந்தக் கேலி யாரைப் பார்த்து என்பதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் தண்டலம்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் பெங்களூர் ஹைவே ஓரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் ஊரைக் கேட்டுப் பாருங்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், தருமபுரி, திருவண்ணாமலை. விஜயகாந்துக்கு ஓட்டு விழுந்த அதே ஊர்கள். கறுப்பு நிறம், சிவந்த கண், எழுதிக்கொடுத்ததைப் படிக்கத் தெரியாத பேச்சு, கோபம் வந்தால் கை நீளும் சுபாவம் என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்க, இங்கே நிற்கிறவனுக்கு அது தன் சித்தப்பாவைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் கேட்டிருக்கும். இங்கிலீஷ் சேனல் ஆங்கர் நம்மைப் பார்த்துச் சிரித்தால் நமக்கு எப்படிக் கேட்கும், அப்படி.

(கேலிக்கு ஆளானவர் எல்லாம் நல்லவர் என்று நான் சொல்வதாக யாரும் ஜல்லியடிக்க வேண்டாம். ‘டீ விற்றவர்’ என்று கிண்டல் அடித்ததும் 2014இல் ஓட்டாகத்தான் மாறியது. இதுதான் கேலியில் இருக்கிற ஆபத்தே. நல்லவரோ கெட்டவரோ, கேட்க வேண்டிய கேள்வியிலிருந்து தப்ப வைத்துவிடும்.)

இறந்த அன்று கோயம்பேடு கட்சி அலுவலகத்தில் கூட்டம் தாங்கவில்லை. மறுநாள் காலை உடலைத் தீவுத்திடலுக்கு மாற்ற வேண்டி வந்தது. அங்கிருந்து மாலை திரும்ப கோயம்பேடு வரை ரோடு முழுக்கத் தலைகள். 0.43 சதவீதக் கட்சித் தலைவருக்கு! செத்தால் எல்லோரையும் புகழ்வான் தமிழன் என்கிறீர்கள். புகழ்வது வேறு, ஷிப்ட் லீவு போட்டு ராத்திரி பஸ் பிடித்து வருவது வேறு. சினிமா மோகம் என்கிறீர்கள். அவர் ஹீரோவாக நடித்த விருதகிரி வந்தது 2010இல். தியேட்டரில் அவரைப் பார்த்தே இராத பையன்கள் அந்த வரிசையில் நின்றார்கள். பெரியவர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் சாப்பாடு. ஷூட்டிங்கில் ஹீரோவுக்கு என்ன இலையோ லைட் பாய்க்கும் அதே இலை என்று வைத்தவர். நடிகர் சங்கத் தலைவராக இருந்து, மலேசியா சிங்கப்பூர் போய் நட்சத்திரக் கலைவிழா நடத்திச் சங்கக் கடனை அடைத்தவர். இந்தக் கதை எதுவும் 2023இல் புதிதாகத் தோண்டி எடுத்ததில்லை. 2011இலும் சேனல் லைப்ரரியில் இருந்ததுதான். எடுக்கவில்லை.

“அப்போ மீமே போடக்கூடாதா?” என்று நம் கிளாஸ் மீம் பேக்டரி முதலாளி கேட்கிறார். தாராளமாகப் போடு ராசா. சட்டசபைக்கு வராத எதிர்க்கட்சித் தலைவரை வைத்துப் போடு, அடுத்த வாரம் யாரோடு கூட்டணி என்று ஏலம் விட்டதை வைத்துப் போடு. முடிந்தால் 6 ரூபாய் 25 காசு ஏற்றியவரை வைத்தும் ஒன்று போடு. அதற்கு மட்டும் டெம்ப்ளேட் கிடைக்காது, தேடிப் பார்த்துவிட்டேன்.