நைட் டியூட்டி வேணாம் என்றால் நேர்ஸ் எங்கிருந்து வருவா?



வெட்டுப்புள்ளி வெளியானதும் மருத்துவம் கிடைத்த பிள்ளைக்கு ஊரெல்லாம் பெனர் கட்டுகிறோம். தாதியியல் கிடைத்த பிள்ளையின் வீட்டில் சத்தமே இருக்காது. இத்தனைக்கும் நான்கு வருடத் தாதியியல் பட்டத்தை நடத்தும் கிழக்குப் பல்கலைக்கழக சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருப்பது மட்டக்களப்பில்தான். காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் போதும். அப்படியிருந்தும் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் ஏன் பாதியில் நிற்கிறார்கள்?

முதல் வருடத்தில் ஆங்கிலம் இடிக்கும், உண்மைதான். உயிரியலைத் தமிழில் படித்தவள் திடீரென உடற்றொழிலியலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மகாபொல கிடைத்தாலும் பெரிதாக உதவாது; 2025 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டியபோதும் அது மாதம் 7,500 ரூபாவாகத்தான் இருந்தது. ஆனால் கஷ்டப்பட்டு இதையெல்லாம் தாண்டுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். தாண்ட முடியாதது நம்ம வீட்டுக்குள் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை. வாப்பா கடன்பட்டுச் சீதன வீடு கட்டி முடித்தார். வீடு முடிந்ததும் மாப்பிள்ளை வந்தார். "படிக்கட்டும், ஆனா நைட் டியூட்டிக்கு விட ஏலாது" என்றார்கள். வேலைக்கே விடாத படிப்பை அவள் எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்? இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டாள்.

கலைப் பட்டம் என்றால் நோட்ஸைக் கொப்பி எடுத்தாவது சமாளிக்கலாம். வார்ட் பயிற்சி அப்படியல்ல. காயம் கட்டுவதை நோயாளியின் கட்டிலருகில் நின்றுதான் பழக வேண்டும். கலியாணத்துக்கும் விருந்துக்கும் போன நாட்களை வீட்டிலிருந்து படித்து நிரப்ப முடியாது.

இதே நாம்தான் மனைவியை லேபர் ரூமுக்குக் கொண்டுபோனால், "முஸ்லிம் நேர்ஸ் ஒராளும் இல்லையா?" என்று கேட்கிறோம். பிரசவ வலி பகலில் மட்டுமா வருகிறது? அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் போட்டுச் சிகிச்சை செய்தவர் ருபைதா (ரழி) என்ற பெண்மணி. பயானில் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம்.

கலியாணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்ம ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பிள்ளையைப் பார்க்க உம்மா கூடவே இருக்கிறா. வேறு ஊர்ப் பெண்களுக்கு லேசில் கிடைக்காத வசதி இது. ஆகவே சம்பந்தம் பேசும் அன்றே படிப்பு முடியும் வருடம், நைட் டியூட்டி, யார் கூட்டிப்போய்க் கூட்டிவருவது எல்லாவற்றையும் பேசி முடியுங்கள். சரிவராது என்கிற மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள்.

இந்த முறை தாதியியல் கிடைத்த பிள்ளைகள் யாராவது இருந்தால் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். படித்து முடித்த நம்ம பிள்ளைகளோடு பேச வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.