மணியோசையின் இலக்கணம்

தங்கவயலில் வாழ்ந்த நம்மவர்க்குச் சுரங்க மணியின் மொழி புதியதன்று. கீழ்த்தளத்தில் நிற்பவர் குரல் மேலே எந்திரம் ஓட்டுபவர் செவிக்கு எட்டுமோ? சாம்பியன் ரீப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. ஆதலால் மணியே பேசிற்று. ஓடுகின்ற கூண்டுக்கு ஒரே மணி அடித்தால் ‘நில்’ என்று பொருள். சுரங்கங்களின் பொதுவிதி இது. ஆபத்து வேளையில் இரண்டாம் மணி அடிக்க நேரம் ஏது?

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நம் இளைஞர் பலர் விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். அவர்களுள் மென்பொருள் எழுதுவோரும் உளர். அவர்கள் கையாளும் கலையும் இம்மணிக்கு உறவே. 1952-இல் டேவிட் ஹப்மன் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட முறையில், அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அருகி வருவதற்கு நீண்ட குறியும் அமையும். ஜிப் கோப்புகள் சுருங்குவதில் அம்முறைக்கு இன்றும் பங்குண்டு.

ஆயினும் சுருக்கினால் மட்டும் போதாது. இருபுறத்தாரிடமும் ஒரே பட்டியல் இருத்தல் வேண்டும். ஜேசன் என்னும் வடிவம் ‘பெயர்’, ‘ஊர்’, ‘தொகை’ என்ற தலைப்புகளை ஒவ்வொரு பதிவிலும் மீண்டும் எழுதும். கண்ணுக்கு எளிது, சுமையோ மிகுதி. கூகிள் நிறுவனத்தார் 2008-இல் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பபர்ஸ் வடிவம் தலைப்புக்கு மாற்றாக எண்ணை இடும். 1 என்றால் பெயர், 3 என்றால் தொகை என முன்பே வகுத்துக்கொள்ளலாம். பின்னர் ஒருவர் 3-ஐ வீட்டெண்ணுக்குக் கொடுத்துவிட்டால்? பழைய பட்டியலை வைத்திருப்பவர் வீட்டெண்ணைத் தொகையென்றே படிப்பார்! மேலே ஒரு பட்டியலும் கீழே ஒரு பட்டியலுமாக மணியடித்தால் கூண்டு என்னவாகும் என்பதை நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். யூடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ‘கோலார்’ நமக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கோ 6 குறி, 18 பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்டு. இதனால் தமிழ் பாரமான மொழி என்பாருடன் நான் உடன்படேன். அம்மூன்று பைட்டுகளுள் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவதும் இருவகையுள் ஒன்றே. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குதல் எளிதாதலின், நீண்ட கட்டுரைகளில் அவ்வேற்றுமை பெரிதும் குறைந்துவிடும்.

கைபேசிக் குறுஞ்செய்திக்கு மட்டும் அச்சலுகை இல்லை. ஆங்கிலத்தில் 160 எழுத்து செல்லும். தமிழில் 70 குறியே. ‘நலம். பணம் அனுப்பினேன். ஞாயிறு வருகிறேன்.’ என்று அன்னைக்கு எழுதினால், புள்ளியும் இடைவெளியும் உட்பட 41 குறியில் முடியும். பேரனின் குறும்புகளையும் சொல்லப் புகுந்தால் இரண்டாம் செய்தி வேண்டியிருக்கும்.