ஊரார் குரலில் 'டான் குயிக்ஸாட்': இலவச ஒலிநூலும் இயந்திரக் குரலும்

அறுவடைக் காலத்தில் விடுமுறை நாள் வந்தால், கூலிக்குக் கதிர் அறுக்க வந்தவர்கள் சாலையோர விடுதியில் கூடிவிடுவார்கள். அவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அவர் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படிப்பார். முப்பது பேருக்கு மேல் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

தோட்டத்து லயத்தில் நடந்த கதைபோல இருக்கிறது. ஆனால், இது ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டான் குயிக்ஸாட்' நாவலில், விடுதிக்காரர் ஒருவர் சொல்லும் செய்தி. அச்சுப் புத்தகம் வந்துவிட்ட காலத்திலும், பெரும்பாலோர் கதையைக் காதால்தான் 'படித்தார்கள்' என்பதற்கு அந்த நாவலே சாட்சி.

நானூறு ஆண்டுகள் கழித்து, அதே நாவல் அதே வழியில் மீண்டும் காதுக்கு வந்திருக்கிறது. லிப்ரிவாக்ஸ் என்னும் இணையத்தளத்தின் தன்னார்வலர்கள் அதைப் படித்துப் பதிவுசெய்து, இலவச ஒலிநூலாக வெளியிட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, உறுப்பியம் தேவையில்லை.

ஆனால், ஒரு முழு நூலையும் கணினியே சிறிது நேரத்தில் குரலாக மாற்றித் தரும் காலம் இது. இனி மனிதர்கள் மெனக்கெட்டு உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்துள்ளது. அதற்கான பதில் தமிழர்களையும் தொடுகிறது.

126 அத்தியாயங்கள், பல குரல்கள்

லிப்ரிவாக்ஸ் 2005ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் ஹியூ மெக்குவைர் என்பவரால் தொடங்கப்பட்டது. காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. இதுவரை 20,000க்கும் மேற்பட்ட பதிவுகள் வெளிவந்துள்ளன.

'டான் குயிக்ஸாட்' எளிதில் முடிகிற வேலையன்று. 1605இல் வந்த முதல் பாகத்தில் 52 அத்தியாயங்கள், 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் 74 அத்தியாயங்கள். முழுவதையும் உரக்கப் படித்தால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஜான் ஆர்ம்ஸ்பி 1885இல் செய்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகிறார்கள். 2003இல் வந்த எடித் கிராஸ்மன் மொழிபெயர்ப்பு பெரிதும் பாராட்டப்பட்டது. என்றாலும், அதற்குக் காப்புரிமை இருப்பதால் தொட முடியாது. மூல நூல் பொதுச் சொத்து ஆகிவிட்டாலும், மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக நிற்கும்.

வேலை நடக்கும் முறை எளிமையானது. ஒரு நூலை ஒருவரே முழுவதும் படிக்கலாம். பலர் சேர்ந்தும் அத்தியாயங்களைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். புதிதாக வருபவர் முதலில் ஒரு நிமிடச் சோதனைப் பதிவை அனுப்ப வேண்டும். ஒலி அளவு சரியா, பின்னணியில் இரைச்சல் உண்டா என்று பார்த்துச் சொல்வார்கள். பிறகு தமக்குப் பிடித்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே ஒலிவாங்கியும் கணினியும் வைத்துப் பதிவுசெய்யலாம். முடித்ததும் வேறொரு தன்னார்வலர் முழுவதையும் கேட்டு, வரி விடுபட்டிருக்கிறதா, ஒரே வாக்கியம் இருமுறை வந்துவிட்டதா என்று சரிபார்ப்பார்.

சரிபார்ப்பவர் ஒன்றை மட்டும் செய்வதில்லை. படித்தவரின் உச்சரிப்பையோ பேச்சு வாடையையோ அவர் குறை சொல்வதில்லை. எந்த நாட்டுக்காரர் எந்த வாடையில் படித்தாலும் ஏற்பதுதான் அங்குள்ள வழக்கம். அதனால், பலர் சேர்ந்து படிக்கும் நூலில் கதாநாயகன் பெயர்கூட ஆளுக்கு ஒரு விதமாக ஒலிக்கலாம். ஒருவர் 'குவிக்ஸட்' என்பார், இன்னொருவர் ஸ்பானிய முறைப்படி 'கிஹோத்தே' என்பார். சிலருக்கு இது எரிச்சல் தரும். சிலருக்கோ, ஊரார் கூடிப் படிக்கிற நிறைவைத் தரும்.

ஸ்பெயினிலும் இந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. மட்ரிட் நகரின் 'சிர்குலோ தெ பெல்லாஸ் ஆர்தெஸ்' என்ற பண்பாட்டு மன்றத்தில், 1997 முதல் ஒவ்வோர் ஏப்ரலிலும் இந்த நாவலை இரவு பகலாகத் தொடர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சி நடக்கிறது. எழுத்தாளர்கள், அரசியல்வாதிகள், மாணவர்கள், பொதுமக்கள் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வார்கள்.

கொடுத்த குரல் எங்கே போனது?

2023ஆம் ஆண்டில் குட்டன்பர்க் திட்டம் என்னும் இலவச மின்னூலகம், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 5,000 ஒலிநூல்களை ஒரே வீச்சில் வெளியிட்டது. அவற்றைப் படித்தது செயற்கைக் குரல். மனிதத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்க்கும் எண்ணிக்கை அது. வேகத்தில் இயந்திரத்தோடு போட்டிபோட முடியாது.

ஆனால், பேச்சைப் புரிந்துகொள்ள இயந்திரம் யாரிடம் கற்றது என்று பார்த்தால், கதை வட்டமடித்து அதே தன்னார்வலர்களிடம் வந்து நிற்கிறது. 2015இல் ஆய்வாளர்கள் லிப்ரிவாக்ஸ் ஒலிநூல்களிலிருந்து சுமார் 1,000 மணி நேர ஆங்கிலப் பேச்சைத் தொகுத்து, 'லிப்ரிஸ்பீச்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களைப் பயிற்றவும் சோதிக்கவும் உலகெங்கும் பயன்படும் தொகுப்பு அது. குரல் கொடுத்தவர்கள் தங்கள் பதிவின் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்திருந்ததால், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதிவுகளை யாரும் காசுக்கு விற்கவும் செய்யலாம். அது லிப்ரிவாக்ஸ் முன்கூட்டியே சொல்லிவிடும் நிபந்தனை.

தங்கள் குரல் இப்படிப் பயன்படும் என்று 2005இல் கதை படிக்க உட்கார்ந்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். கண் தெரியாத ஒருவருக்காக, வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கும் ஒருவருக்காகப் படித்தார்கள். அது பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இதில் அநியாயம் உண்டா என்பது விவாதத்துக்கு உரியது. ஆனால், ஒரு விளைவு கண்கூடு. எந்த மொழியில் மக்கள் அதிகம் படித்துப் பதிவுசெய்தார்களோ, அந்த மொழிகளுக்குத்தான் இந்தப் பலன் கிடைத்தது.

2020இல் ஃபேஸ்புக் நிறுவன ஆய்வாளர்கள் அதே லிப்ரிவாக்ஸிலிருந்து பன்மொழித் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துகீசியம், போலிஷ் என எட்டு மொழிகள். தமிழ் அதில் இல்லை.

தமிழ் ஏன் இல்லை?

லிப்ரிவாக்ஸ் எந்த மொழி நூலையும் ஏற்கும். கதவு சாத்தப்படவில்லை. படிக்க ஒருவரும், அதைக் கேட்டுச் சரிபார்க்க அம்மொழி தெரிந்த இன்னொருவரும் வேண்டும். தமிழ் நூல்களை இலவசமாகத் தருவதில் தமிழர்கள் பின்தங்கியவர்களும் அல்லர். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவந்திருக்கிறது. எழுத்துக்கு நடந்தது, குரலுக்கு அதே அளவில் நடக்கவில்லை. மொஸில்லா அறக்கட்டளையின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழ் இருக்கிறது. அங்கே தன்னார்வலர்கள் தனித்தனி வாக்கியங்களைப் படித்துக் கொடுக்கிறார்கள். கணினிக்கு அது உதவும். கதை கேட்க விரும்புகிறவருக்கு உதவாது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்றும் உண்டு. தோட்டத்தில் பிறந்து பட்டணத்துக்கு வந்தவர்களின் தமிழுக்கு ஒரு தனி ஓசை இருக்கிறது. மலாய்ச் சொல் கலந்து, இந்த மண்ணின் ராகத்தில் வரும் தமிழ் அது. யாரும் அதில் படித்து வைக்காவிட்டால், நாளைய கணினி அதைத் தமிழென்றே அடையாளம் காணாமல் போகலாம்.

தொடங்குவதற்குப் பெரிய தடை இல்லை. பாரதியார் 1921இல் மறைந்தவர். அவர் எழுத்துகளைப் படித்துப் பதிவுசெய்ய யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உள்ளூர் எழுத்தாளர்களின் படைப்புகளில் மட்டும் கவனம் தேவை. காப்புரிமை, ஆசிரியர் மறைந்தபின் மலேசியாவில் 50 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் நீடிக்கும். அதற்குள் பதிவுசெய்வதானால் எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும். லிப்ரிவாக்ஸில் சேர்ப்பதானால் அமெரிக்கச் சட்டப்படியும் நூல் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும்.

மற்றபடி தேவைப்படுவது ஒரு புத்தகம், ஓர் ஒலிவாங்கி, மின்விசிறியை நிறுத்திவிட்ட ஓர் அறை. கேட்பவரைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கண் மங்கி, நாளிதழின் சிறிய எழுத்தைப் படிக்க முடியாமல் வைத்துவிட்ட பாட்டியோ தாத்தாவோ பல வீடுகளில் இருக்கிறார்கள்.