தமிழ்வழி அரசுப் பள்ளிகளை மூட வேண்டாம், ஆசிரியர்களைத் தாருங்கள்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெங்களூரு அரசுத் தமிழ்வழிப் பள்ளிகளின் பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்த சங்கத்தினர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை, கர்நாடக அரசு,
நிருபதுங்கா சாலை, பெங்களூரு.

நகல்: பெங்களூரு வடக்கு, தெற்கு கல்வி மாவட்டத் துணை இயக்குநர்கள்.

பொருள்: பெங்களூரு மாநகரத் தமிழ்வழி அரசுப் பள்ளிகளில் சேர்க்கை சரிவு – வேற்றுமொழிப் பள்ளிகளோடு இணைப்பதைக் கைவிடுதல், ஆசிரியர் நியமனம், மழலையர் மற்றும் இருமொழி வகுப்புகள் தொடங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சேர்க்கை குறைந்துவிட்டது என்ற காரணத்தால் அரசுப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கும் பேச்சு கர்நாடகத்தில் மீண்டும் மீண்டும் எழுகிறது. கன்னடவழிப் பள்ளி ஒன்றை இன்னொரு கன்னடவழிப் பள்ளியோடு இணைத்தால் பிள்ளை கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். அதுவும் துன்பம்தான். ஆனால் தமிழ்வழிப் பள்ளியைக் கன்னடவழிப் பள்ளியோடு இணைத்தால், நான்காம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் படித்த பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வேறொரு மொழியின் பாடநூலுக்கு முன்னால் உட்கார்கிறது. அந்த ஆண்டே அதன் படிப்பு தடுமாறத் தொடங்குகிறது. பெண் பிள்ளையாக இருந்தால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே எங்களைப் பொறுத்தவரை இணைப்பு என்றால் மூடல்தான்.

இந்தப் பிள்ளைகள் யாருடையவர்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். 1809இல் பெங்களூரு கண்டோன்மென்ட் உருவானபோது படையோடும் படைக்கான வேலைகளோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் நிலைகொண்டன. பின்னி ஆலையும் பிற ஆலைகளும் பல தலைமுறைத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தன. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் இங்கே தொடங்கிய கல்வி அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 21 லட்சம் பேர். இவர்களில் வசதி உள்ளவர்கள் எப்போதோ தனியார் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஒகலிபுரம், நீலசந்திரா பகுதிகளில் விடிவதற்குள் வீட்டு வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களின், கட்டட வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் போகும் தகப்பன்மார்களின் பிள்ளைகளே அரசுத் தமிழ்வழிப் பள்ளிகளில் மிஞ்சியிருக்கிறார்கள். இவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. தாய் படித்துக் காட்டக்கூடிய ஒரே எழுத்து தமிழ்.

சேர்க்கை குறைந்திருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஏன் குறைந்தது என்று துறை கேட்டுப் பார்த்ததா என்பதே எங்கள் கேள்வி.

முதற்காரணம் ஆசிரியர் இல்லாமை. தமிழ்வழி ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் கழித்து ஒரு கெஸ்ட் டீச்சர் வருகிறார். ஆண்டு முடிந்ததும் அவருடைய பணியும் முடிகிறது. அடுத்த ஆண்டு அவரே வருவார் என்ற உறுதி இல்லை. பல பள்ளிகளில் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒருவர் சமாளிக்கிறார். சத்துணவுப் பதிவேடு, எஸ்.ஏ.டி.எஸ். எனும் மாணவர் தகவல் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு எல்லாம் அவர் தலையில்தான். வாசலில் எட்டிப்பார்க்கும் பெற்றோர் இதைக் கண்டால் பிள்ளையைச் சேர்ப்பார்களா? அவர்கள் கடன் வாங்கி, சந்து முனையில் இருக்கும் சிறிய தனியார் பள்ளியில் கட்டணம் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. அந்த எண்ணிக்கையே பிறகு பள்ளியை மூடுவதற்கான காரணமாகக் கோப்பில் ஏறுகிறது. ஆசிரியரைத் தராமல் விட்ட பள்ளியின் சேர்க்கையை அந்தப் பள்ளிக்கு எதிரான சாட்சியாக வைப்பது நியாயமில்லை, ஐயா.

இரண்டாவது காரணம் வயது. தனியார் பள்ளி எல்.கே.ஜி.யிலேயே பிள்ளையை எடுத்துக்கொள்கிறது. எங்கள் பள்ளிகள் ஒன்றாம் வகுப்பில்தான் கதவைத் திறக்கின்றன. அதற்குள் பிள்ளை இரண்டு ஆண்டு வேறு இடத்தில் பழகிவிடுகிறது. திரும்பி வருவது அரிது. மூன்றாவது காரணம் ஆங்கிலம். 2019–20இல் மாநில அரசு 1,000 அரசுப் பள்ளிகளில் கன்னடத்தோடு ஆங்கிலவழிப் பிரிவுகளையும் தொடங்கியது. பெற்றோரின் விருப்பத்தை அரசு புரிந்துகொண்டதற்கு அது அடையாளம். அதே புரிதல் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

குடிபெயர்ப்பையும் சொல்லியாக வேண்டும். 2013 ஜனவரியில் ஈஜிபுரா குடியிருப்பு இடிக்கப்பட்டபோது 1,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பலர் நகரின் விளிம்புக்குப் போனார்கள். இப்படி ஒரு குடிசைப் பகுதி பெயர்க்கப்படும்போது அதன் பள்ளியின் சேர்க்கையும் சேர்ந்தே பெயர்கிறது. புதிய இடத்தில் தமிழ்வழி வகுப்பு கிடையாது. பழைய இடத்தில் பிள்ளைகள் கிடையாது. இரண்டுக்கும் இடையில் ஒரு தலைமுறையின் படிப்பு நின்றுபோகிறது.

நாங்கள் கேட்பது புதிய சலுகை அல்ல. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ சிறுபான்மை மொழி பேசுவோராக இருந்தால் அம்மொழியில் கற்பிக்கக் குறைந்தது ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. எது தாய்மொழி என்பதைப் பெற்றோரே சொல்வார்கள் என்றும் அது தெளிவுபடுத்தியது. 1956இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கான வசதிகளைச் செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, இயன்றவரை தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. பயிற்று மொழி பற்றிய கர்நாடக வழக்கில் 2014 மே 6ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, மொழியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைப் பெற்றோருக்கு உறுதி செய்தது. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு உள்ள அந்தச் சுதந்திரம், தமிழைத் தேர்ந்தெடுக்கும் ஏழைப் பெற்றோருக்கும் உண்டல்லவா? பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையமும் 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழி வழியாகக் கற்பிக்கவே பரிந்துரைத்தது.

கன்னடம் இந்த மண்ணின் மொழி. எங்கள் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள், தெருவில் பேசுகிறார்கள், நாளை அதில்தான் வேலை பார்ப்பார்கள். அதை இன்னும் நன்றாகக் கற்பியுங்கள் என்றே கேட்கிறோம். கேரளத்தின் காசர்கோட்டில் கன்னடவழி வகுப்புகளுக்குக் கன்னடம் தெரியாத ஆசிரியர்கள் அனுப்பப்பட்டபோது கர்நாடகத்திலிருந்து எழுந்த எதிர்ப்புக் குரல் நியாயமானது. அங்கே கன்னடப் பிள்ளைக்குக் கேட்ட நியாயத்தையே இங்கே தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்கிறோம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. கேரளத்தில் 2016இல் கோழிக்கோடு மலாப்பறம்பு பள்ளியை நிர்வாகம் மூட முற்பட்டபோது, லாபமில்லாத பள்ளி என்று கைவிடாமல் அரசே அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே பின்வருவனவற்றைத் தங்கள் முன் வைக்கிறோம்.

தமிழ்வழிப் பள்ளி எதையும் வேற்றுமொழிவழிப் பள்ளியோடு இணைக்கும் நடவடிக்கையை உடனே நிறுத்தி வைக்க வேண்டும். காலியிடங்களை நிரப்பி மூன்று கல்வியாண்டுகள் கழித்தே சேர்க்கையை மறுபடி மதிப்பிட வேண்டும். தவிர்க்க முடியாமல் இணைக்க நேர்ந்தால் அது இன்னொரு தமிழ்வழிப் பள்ளியோடு மட்டுமே நடக்க வேண்டும். பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுவின் (எஸ்.டி.எம்.சி.) கூட்டத்தில் பெற்றோரின் எழுத்துவழிச் சம்மதம் பெற வேண்டும். பேருந்து வசதியை அரசே தர வேண்டும். பழைய மெட்ராஸ் சாலையைப் போன்ற சாலைகளை ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கடக்க முடியாது.

அடுத்த ஆசிரியர் தேர்வு அறிவிக்கையில் தமிழ்வழிப் பணியிடங்களைத் தனியாகக் காட்டி நிரப்ப வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் இதுவே தலையாயது. இது நடக்காவிட்டால் மற்றவை எதுவும் பயன் தராது. நிரந்தர நியமனம் நடக்கும்வரை, கல்வியாண்டின் முதல் நாளிலிருந்தே கெஸ்ட் டீச்சர் பணியில் இருக்க வேண்டும்.

தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தமிழ்–ஆங்கில இருமொழிப் பிரிவுகளும் தொடங்க வேண்டும். கர்நாடகப் பாடநூல் சங்கம் வெளியிடும் தமிழ்ப் பாடநூல்கள் பள்ளி திறக்கும் நாளிலேயே பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும். குடிசை மாற்றுக் குடியிருப்புகள் அமையும் இடங்களில் பிள்ளைகளின் தாய்மொழியைக் கணக்கெடுத்து, 1949 மாநாட்டு முடிவின்படி வகுப்பு தொடங்க வேண்டும். ஏற்கெனவே மூடப்பட்ட பள்ளிகளின் கட்டடமும் நிலமும் வேறு துறைக்கோ தனியாருக்கோ போகாமல் கல்வித் துறையிடமே இருக்க வேண்டும். கண்டோன்மென்ட் பகுதியில் நிலத்தின் விலை என்ன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒருமுறை போன இடம் பள்ளிக்குத் திரும்பாது.

எங்கள் பங்கும் இதில் உண்டு. சேர்க்கை இயக்கத்தின்போது ஆசிரியர்களோடு வீடுவீடாக வரவும், மாலைநேர வகுப்பு நடத்தவும் எங்கள் பழைய மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். துறை ஆசிரியரைத் தரட்டும். பிள்ளைகளை நாங்கள் அழைத்து வருகிறோம்.

இதுகுறித்து நேரில் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு, வரும் கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்