கணக்கு எண்ணெய்த் தூக்கில் தொடங்கட்டும்!

எடை குறைக்க வேண்டும் என்று முடிவு எடுத்ததும் நம் பெண்கள் முதலில் கை வைப்பது காலை இட்லியில்தான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் டயட்டில் இருக்கேன்" என்று சொல்லி, வீட்டில் எல்லாருக்கும் அவித்துப் போட்டுவிட்டு வெறும் டீயோடு நிற்கிறோம். பதினொரு மணிக்குப் பசி காதை அடைக்கும்போது டப்பாவைத் திறந்து இரண்டு கை மிக்சர்! என்னைக் கேட்டால், கை வைக்க வேண்டிய இடம் இட்லிச் சட்டி இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த எண்ணெய்த் தூக்கு.

எனக்கு ஊர் விருதுநகர். எண்ணெய் வியாபாரத்துக்கும் எண்ணெய்ப் பரோட்டாவுக்கும் பேர் போன ஊர். அந்தப் பக்கம் சாத்தூர் காராச்சேவு, இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. இங்கே உட்கார்ந்து கலோரி பேசினால் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் என் அம்மாவுக்கு 45 வயதில் சர்க்கரை வந்தது. இன்று காலில் ஒரு விரல் இல்லை. எனக்கு 36 வயது. போன வருடம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது நர்சம்மா டேப் வைத்து இடுப்பை அளந்தார். 92 சென்டிமீட்டர். "நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு 80-க்கு மேல போனாலே கவனிக்கணும். சுகர் இன்னும் உள்ள வரலை, வாசல்ல நிக்குது" என்றார்.

பத்தாவது வரை படித்தவளுக்குக் கலோரிக் கணக்கு வருமா என்று யாரும் தயங்க வேண்டாம். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் போடத் தெரிந்தால் போதும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள, உடலுழைப்பு அதிகம் இல்லாத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி. "நாள் பூரா வேலை பார்க்கிறவளை உழைப்பு இல்லைன்னு சொல்றதா?" என்று எங்கள் அத்தைக்குக் கோபம். அத்தை காலத்தில் அம்மி, ஆட்டுரல், குடத்துத் தண்ணீர். நமக்கு மிக்சி, கிரைண்டர், மாடியில் டேங்க். வேலை குறையவில்லை, நேரமும் மிச்சமாகவில்லை, ஆனால் உடம்பு செலவழிப்பது குறைந்துவிட்டது. அதற்காக அம்மிக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை!

போனில் கணக்குப் போட்டுத் தரும் ஆப் இருக்கிறது. "ஒரு கிண்ணம் சாம்பார்" என்று போட்டால் எண் வந்துவிடும். யார் வீட்டுக் கிண்ணம்? யார் வைத்த சாம்பார்? என் மதினி தாளிப்புக்கு ஊற்றும் எண்ணெயில் நான் இரண்டு நாள் குழம்பு வைத்துவிடுவேன். அதனால் வெந்ததைக் கணக்குப் பார்க்காமல், பச்சையாக இருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது என் கட்சி. அரிசி போடும் டம்ளரை ஒரு தடவை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டு டம்ளருக்கு 180 கிராம் பிடிக்கிறது. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி என்றால் ஒரு டம்ளருக்கு 630. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் போட்டால் எனக்கு 50 இட்லி வருகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு இட்லிக்கு 60 சொச்சம். மூணு இட்லி சாப்பிட்டாலும் 200 வரவில்லை. இதையா நாம் தியாகம் செய்கிறோம்?

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். எங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் நாலு லிட்டர் ஓடியது. ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 33 மில்லி, அதாவது சுமார் 30 கிராம். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கு நல்லெண்ணெயானாலும், கடலெண்ணெயானாலும், ரேஷன் பாமாயிலானாலும் இந்த 9 மாறாது. ஆக, தட்டில் கண்ணுக்கே தெரியாமல் ஆளுக்கு 270 கலோரி! நாலு இட்லிக்கும் மேலே. தூக்கிலிருந்து சரிக்கிற பழக்கத்தை விட்டு டீஸ்பூனால் எடுக்க ஆரம்பித்தேன். இப்போது மூணு லிட்டரில் மாதம் முடிகிறது. வீட்டில் ஒருத்தரும் ருசி குறைந்தது என்று சொல்லவில்லை. வடை சுடும் நாளில் சட்டியில் ஊற்றுவதற்கு முன்னும், ஆறின பின்னும் எண்ணெயை அளந்து பாருங்கள். எனக்கு 20 வடைக்கு 90 மில்லி போயிருந்தது. வடைக்கு வடை எண்ணெய் மட்டும் 35 கலோரிக்கு மேல்.

அடுத்தது டீ. 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் போட்டால் ஒரு டம்ளர் 100 கலோரி. நாலு டம்ளர் குடிக்கிறவளுக்கு நாள் கணக்கில் கால் பங்கு டீயிலேயே போய்விடுகிறது. "நான் நாட்டுச் சர்க்கரைதான் போடுறேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீனிக்கும் வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. கம்பு, கேழ்வரகும் அப்படித்தான். நார்ச்சத்து அதிகம், வயிறு நிறையும், நல்லதுதான். அதற்காக அரிசிக்குப் பதில் கம்பு என்று தோசையை மட்டும் இரட்டிப்பாக்கினால் எடை எப்படிக் குறையும்? பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது 100 கிராமுக்கான கணக்கு என்பதையும் கவனியுங்கள். அதில் கிலோ கலோரி என்று போட்டிருப்பதும் நாம் கலோரி என்று சொல்வதும் ஒன்றுதான்.

இதையெல்லாம்விட எழுதக் கூச்சப்படுகிற ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சம், "வீணாப் போகுதே" என்று வழித்துப் போட்டுக்கொள்ளும் கடைசிக் கரண்டி சோறு. இது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. கடைசியாக உட்காருவதால் நமக்கு வெஞ்சனம் தீர்ந்திருக்கும். சோறும் குழம்பும்தான் மிஞ்சும். அதைத்தான் நிறையச் சாப்பிடுகிறோம், நாலு மணிக்கே மறுபடி பசிக்கிறது. சமைத்து இறக்கியதும் கீரையிலும் பருப்பிலும் என் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுகிறேன். முதல் நாள் அத்தை ஒரு மாதிரி பார்த்தார். தனக்கென்று எடுத்து வைப்பது பெண்ணுக்கு அழகில்லை என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். அந்தப் பழக்கத்தால்தான் பாதி எடை ஏறுகிறது என்பேன்.

ஆரம்பிக்கிறவர்கள் முதல் வாரம் எதையும் குறைக்காமல், சாப்பிடுவதை அப்படியே எழுதினால் போதும். பிறகு அதில் 300 கலோரி குறைத்தால் தாராளம். நான் டீயை மூன்றாக்கி, சீனியைப் பாதியாக்கி, எண்ணெயை அளந்ததில் ஐந்து மாதத்தில் 71 கிலோ 67 ஆனது. ஒரு மாதத்தில் பத்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். டாக்டர் சொல்லாமல் 1,200-க்குக் கீழே இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

வளரும் பெண் பிள்ளைகள் முன்னால் இந்த நோட்டை விரிக்காதீர்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒரு நாள், "இந்தத் தோசை எத்தனை கலோரிம்மா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளப் பார்த்தாள். "வளர்ற பிள்ளைக்குக் கணக்கே கிடையாது" என்று இன்னொன்று போட்டேன். அன்றிலிருந்து நோட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.

சமையல் குறிப்பு எழுதும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அரிசிக்கு அளவு எழுதுகிறீர்கள், கடுகுக்குக்கூட அரை டீஸ்பூன் என்று எழுதுகிறீர்கள். எண்ணெய்க்கு மட்டும் ஏன் "தேவையான அளவு"? இனிமேல் அதையும் எத்தனை டீஸ்பூன் என்று எழுதுங்களேன்!

— ஒரு வாசகி, விருதுநகர்.