ரெங்கம் என்றொரு மண்

ரெங்கம் என்றால் நமக்கு ரயில் நிலையமும் தோட்டங்களும் நினைவுக்கு வரும். மண்ணியல் படித்தவர்களுக்கு அது ஒரு மண்ணின் பெயர். கருங்கல் பாறை சிதைந்து உண்டான, பருமணல் கலந்த களிமண் அது. எரிமலைப் பாறையிலிருந்து வந்த செம்மண்ணுக்கு சிகாமட் என்று பெயர். ஒரு மண்ணுக்கு ஊர்ப் பெயரையே வைப்பது வழக்கம். ஜொகூர் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பள்ளி விடுமுறையில் ஒரு மேட்டுக்கு அழைத்துப் போங்கள். உச்சி, சரிவு, அடிவாரம் என மூன்று இடங்களில் ஒரு முழம் தோண்டட்டும். (நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான்!) ஈரமண்ணை உருட்டினால் கயிறாக நீள்வது களி, உதிர்வது மணல். மேட்டில் நீர் வடிவதால் மண்ணிலுள்ள இரும்பு துருவேறிச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும். நீர் தேங்கும் பள்ளத்தில் சாம்பல் நிறம். மேட்டின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்த மண்ணையே தேய்க்கச் சொல்லுங்கள். மண் வரைபடத்தின் முதல் பாடம் அதுதான். இப்படிச் சரிவில் மண் தொடர்ந்து மாறுவதற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஜெஃப்ரி மில்ன் 1935இல் ‘கட்டீனா’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் சங்கிலி என்று பொருள்.

பொந்தியானின் கரிமண் வேறு ரகம். முழுதாக மட்காத மரமும் வேரும் சேர்ந்த புளித்த மண்; அன்னாசி தாங்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் நிலமே மெல்ல அமிழும். வீட்டுப் படிக்கும் தரைக்கும் இடைவெளி விழும். வீடு வாங்கப் பார்க்கும் இளையோர் இதையும் விசாரிக்கலாம்.

பால்மரம் சீவிய தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். மழையில் எந்தப் பள்ளத்தில் கால் புதையும் என்று அவர்களுக்குத் தெரியும். அதையும் பிள்ளை அதே தாளில் குறித்துக்கொள்ளட்டும்.