பேசப்படுவதும் பயன்படுவதும்

சென்ற பருவத்தின் இறுதியில் நமது கல்லூரிச் சமூகத்தொண்டுக் கழகத்தார் ஒரு நற்செயலைக் கருதினர். விடுமுறையில் தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்திற்குச் சென்று, அவ்வூர் முதியோர்க்கு இணையச் சேவைகளைக் கையாளும் முறையைக் கற்பித்தல் வேண்டும் என்பதே அது. எவற்றைக் கற்பிப்பது என்னும் வினா எழுந்தபோது நண்பர் ஒருவர் எளிய வழியொன்று கூறினார். வாட்ஸ்அப், யூடியூப், யூபிஐ, ரயில் முன்பதிவு, அரட்டை என்னும் ஐந்தன் பெயர்களும் எக்ஸ் தளத்தில் எத்தனை முறை வருகின்றன என்று ஒரு வாரம் எண்ணுவோம். மிகுதியாகப் பேசப்படும் மூன்றினைக் கற்பிப்போம் என்றார். பலர் கைதட்டினர். யாம் மறுத்தோம். மறுத்தமைக்குரிய காரணங்களை ஈண்டு வாசகர்முன் வைக்கின்றோம்.

முதற்கண், ஒப்பிடப்படுவன ஓரினமாதல் வேண்டும். நெல்லை மரக்காலாலும் துணியை முழத்தாலும் அளப்பர். நெல் பத்து மரக்கால், துணி ஏழு முழம், ஆதலின் நெல்லே பெரிது என்பானைச் சந்தையில் எவரும் மதியார். உரையாடற்குரியது வாட்ஸ்அப், பணம் செலுத்துதற்குரியது யூபிஐ, ரயில் முன்பதிவோ பலர்க்கு ஆண்டில் ஓரிரு முறையே வேண்டப்படுவது. இவற்றை ஒரே எண்ணிக்கையால் வரிசைப்படுத்துதல் எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவதாக, எண்ணும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, இந்நாட்டில் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவோர் 53 கோடியர். இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டரைப் பயன்படுத்துவோர் 1.75 கோடியர். எளிதில் எண்ணத்தக்க பேச்செல்லாம் பின்னதில் நிகழ்கின்றது. முன்னதில் தாயும் மகனும் பேசுவது பிறர் காணவொண்ணாதவாறு மறைக்கப்பட்டுள்ளது. ஊர்ச்சாவடியில் உரக்கப் பேசும் சிலரைக் கேட்டுவிட்டு, வீட்டினுள் இருப்போர் அனைவரின் கருத்தையும் அறிந்தோம் என்பது எத்தகைய அறியாமையோ, அத்தகையதே இதுவும்.

மூன்றாவதாக, ஒரு சேவையின் பெயர் உரக்க ஒலிப்பது பெரும்பாலும் அது கைவிட்ட பொழுதிலேயாம். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறுமணி நேரம் உலகெங்கும் முடங்கின. அப்பொழுது ட்விட்டரில் எங்கும் அவற்றின் பேச்சே. 2025 ஏப்ரல் 12-ஆம் நாள் யூபிஐ தடைப்பட்டபோதும் அவ்வாறே முறையீடு பெருகிற்று. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் யூபிஐ வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. தேநீர்க்கடையில் பத்து ரூபாய் ஒழுங்காய்ச் சென்று சேர்ந்ததை எவர் எழுதிவைத்தார்? நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழி பொறிகளுக்கும் பொருந்துவதாகும்.

நான்காவது காரணம் தமிழ் மாணவராகிய எம் கண்ணில் முதலிற் பட்டது. 'அரட்டை' என்பது வீண்பேச்சைக் குறிக்கும் பொதுச்சொல். சோஹோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட உரையாடற் செயலிக்கும் அதுவே பெயர். பெயரை மட்டும் எண்ணும் பொறி, மாணவர் விடுதியில் அரட்டை மிகுந்தது என்பதனையும் அச்செயலியின் புகழோடு கூட்டிவிடும். பொதுப்பெயர் எது, சிறப்புப்பெயர் எது என்று இடம்நோக்கி உணராதார் எண்ணும் எண் எண்ணாகாது.

எனினும் எண்ணுதலே பயனற்றதென்று யாம் கூறவில்லை. ஒரே சேவையின் ஏற்ற இறக்கத்தைக் காலந்தோறும் ஒப்பிட அது உதவும். 2025 செப்டம்பரில் அரட்டையின் பெயர் நாடெங்கும் எழுந்தது. நாள்தோறும் மூவாயிரவராய்ச் சேர்ந்தவர் மூன்றே நாட்களில் மூன்றரை இலட்சவராயினர் என அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அந்நிறுவனத்தின் அலுவலகம் இருத்தலின், இவ்வட்டாரத்தார்க்கு அஃது ஒரு பெருமையுமாயிற்று. ஆயின் சில வாரங்களில் அவ்வாரவாரம் தணிந்தது. பெயரைக் கேட்டுப் புகுவோர் பலர். புகுந்தபின் நிலைத்திருப்போர் எத்துணையர் என்பதே வினா. அதற்குப் பேச்சின் எண்ணிக்கை விடை தாராது.

இவ்வாதம் முடிவுறாதிருக்கையில் யாம் ஒருநாள் சுந்தரபாண்டியபுரம் சென்றோம். பருவகாலத்திற் சூரியகாந்தி பூத்தால், அங்கே படமெடுப்போர் திரள்வர். அப்படங்களையே எண்ணுவோர் அவ்வூரில் சூரியகாந்தியன்றி வேறொன்றும் விளையாதென்று கருதுவர். அங்கு நெல்லும் விளைகின்றது. நெல்லின் அருகே நின்று படமெடுத்துக்கொள்வோர் சிலரே. திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவரிடம், எச்செயலியைப் பயன்படுத்துகின்றீர்கள் பாட்டி என வினவினோம். அவர் நகைத்து, "பேரெல்லாம் நமக்கு எதுக்குய்யா? மவன் துபாய்ல இருந்து பேசுதான், நான் கேக்கேன்" என்றார். நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்றன் பெயரை அவர் ஒருமுறையும் கூறியதில்லை. வாக்கியத்தில் தோன்றா எழுவாய்போல, அவர் வாழ்க்கையில் அஃது உண்டு. ஆயின் சொல்லில் இல்லை. பின்பு அவரே, "முதியோர் பணம் பேங்குல விழுந்திருக்கான்னு பாக்க மட்டும் சொல்லிக் குடுத்திட்டுப் போங்க. அதுக்குத்தான் அடுத்தவங்க கையை எதிர்பாக்கேன்" என்றார்.

எம் நண்பர் வகுத்த பட்டியலின் ஐந்தனுள் இஃது ஒன்றன்று. எத்துணை நாள் எண்ணினும் இவ்வேண்டுகோள் எம் செவிக்கு எட்டியிராது. அம்மூதாட்டியும் தம் பணத்தை அறியப் பிறர் கையையே நோக்கியிருப்பார்.

ஆதலின் கழகத்து அன்பர்களை யாம் வேண்டுவது ஒன்றே. வரும் விடுமுறையில் பட்டியலோடு செல்லற்க. ஒரு வெற்றேட்டோடு செல்க. வீடுதோறும் அமர்ந்து, என்ன செய்ய விரும்புகின்றீர்கள், எங்கே தடைப்படுகின்றீர்கள் என்று கேட்டெழுதுக. அவ்வேடு நிறைந்தபின், எதனைக் கற்பிப்பது என்னும் வாதத்திற்கு இடமிராது.